பட்டியலில் பெயரில்லாத ஒரு போன்

சென்னையில் மின்னணுச் சாதனங்களைச் சோதித்து எழுதும் ஒரு சிறிய பத்திரிகை இருந்தது. அங்கே ஆசான் தில்லைநாயகி. வயது முப்பத்தெட்டு. அவரிடம் தொழில் படிக்க வந்த பாக்கியநாதனுக்கு ஐம்பத்திரண்டு. தொலைபேசித் துறையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். எதையும் லேசில் நம்பமாட்டார். இந்த வேலைக்கு அது நல்லதுதான் என்று தில்லைநாயகி சேர்த்துக்கொண்டார்.

ஒருநாள் விலை உயர்ந்த வைஃபை ரவுட்டர் ஒன்று சோதனைக்கு வந்தது. பாக்கியநாதன் அதை வீட்டுக்கு எடுத்துப்போனார்.

எட்டு ஆண்டெனா இருந்தது. அதில் குறைந்தது இரண்டு வெறும் அலங்காரமாக இருக்கும் என்று மூடியைக் கழற்றிப் பார்த்தார். எட்டுக்கும் உள்ளே கம்பி போயிருந்தது. சூடேறிப் படுத்துவிடும் என்று நாள் முழுக்க எல்லாத் திரையிலும் படம் ஓடவிட்டார். படுக்கவில்லை. இரண்டு சுவர் தாண்டிக் குளியலறையில் நின்று வேகம் பார்த்தார். அங்கேயும் குறை சொல்ல முடியவில்லை. மனிதருக்கு அதுவே பெரிய மனக்குறை.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வசதி. எந்தெந்தக் கருவி இணைப்பில் இருக்கிறது என்று காட்டும் பட்டியல். தன் போன், மனைவி ரோசலினின் போன், டிவி என்று எல்லாவற்றுக்கும் அவரே பெயர் எழுதினார். பிறகு, வேகமான அலைவரிசையைத் தனியாகச் சோதிக்க அதை வேறொரு நெட்வொர்க்காகப் பிரித்து, தன் போனை அதற்கு மாற்றினார்.

மறுநாள் காலை பட்டியலில் பெயரில்லாத ஒரு போன் இருந்தது.

வீட்டுக்கு யாரும் வரவில்லை. கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. அப்படியானால் ரோசலின் இன்னொரு போன் வைத்திருக்கிறாள். அரிசி டின்னில் கைவிட்டுத் தேடினார். புடவை மடிப்புகளில் தேடினார். மூன்றாம் நாள் மதியம் அவள் கைப்பையைக் கட்டிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது அவள் பார்த்துவிட்டாள்.

ரோசலின் சண்டை போடவில்லை. தூத்துக்குடிக்கு, அக்கா வீட்டுக்கு, மாலை ரயிலில் கிளம்புவதாக மட்டும் சொன்னாள். எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை.

பாக்கியநாதன் ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"இந்தப் பட்டியலை நம்பலாமா மேடம்?"

தில்லைநாயகி ரவுட்டரைத் தன் மேசையில் வைத்து இயக்கினார். மடிக்கணினியில் பட்டியலைத் திறந்தார். சற்று நேரத்தில் பெயரில்லாத போன் அங்கேயும் வந்து நின்றது.

பாக்கியநாதன் தன் தோள்பையை அவசரமாகத் துழாவினார்.

"எனக்குத் தெரியாம இதுக்குள்ள வச்சிருப்பாளோ?"

"உங்க போனை அணைங்க சார்."

"என் போனையா?"

"அணைங்க."

அணைத்தார். பெயரில்லாதது பட்டியலிலிருந்து மறைந்தது.

"வேற நெட்வொர்க்குக்கு மாறினா போன் தன்னோட முகவரியை மாத்திக்கும். ரவுட்டர் அதைப் புது போன்னு நினைச்சுக்கும். பாதுகாப்புக்காக. போன மாசம் நீங்கதான் அதைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தீங்க."

பாக்கியநாதன் குனிந்து பட்டியலைப் படித்தார். அவர் எழுதிவைத்த 'என் போன்' மங்கலாகக் கிடந்தது. மூன்று நாளாக இணைப்பில் இல்லை என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. மற்ற எல்லா வரியையும் தினம் பத்து தடவை பார்த்தவர், அந்த வரியைப் பார்க்கவே இல்லை.

மணி மூன்றாகியிருந்தது. இப்போது புறப்பட்டால் ரயிலுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"அவகிட்ட என்னன்னு சொல்லட்டும் மேடம்?" தரையைப் பார்த்தபடியே கேட்டார். "ரவுட்டர்ல கோளாறு, அதான் இப்படி ஆயிடுச்சுன்னு சொல்லிடவா?"

தில்லைநாயகி ரவுட்டரின் இணைப்பை எடுத்து, வயரை மெதுவாகச் சுற்றினார்.

"மூணு நாள்ல, நல்லா இருக்கிற ஒண்ணைக் கோளாறுன்னு சொல்லியாச்சு. இன்னொண்ணையும் சொல்லணுமா சார்?"