காளானுக்குக் காவல்

ஆனைமலைச் சரிவில் ஒரு சிறிய ஆசிரமம் இருந்தது. அதன் குரு செங்கமலம் அம்மாவுக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை. சீடர் குழந்தைசாமி எழுபதைத் தாண்டியவர், தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

மேலே காட்டில் சிங்கவால் குரங்குகள் குறைந்துகொண்டே வந்தன. அவற்றைக் காக்க ஒரு குழு வந்தது. குரங்குகள் சாலையைத் தாண்டும் இடத்தில் காவல் குடிசை போட வேண்டும் என்றார்கள். அங்கே விழுந்து மட்கிய மரம் ஒன்று கிடந்தது. அதை அறுத்து அகற்ற வேண்டியிருந்தது.

குழந்தைசாமி நாள்தோறும் போய்ப் பார்த்துவந்த ஒரு காளான் அந்த மரத்தில்தான் இருந்தது. சாம்பல் நிறம், நகத்தளவு. வேறெங்கும் அவர் அதைக் கண்டதில்லை. அதற்குப் பெயர் உண்டா என்பதுகூட யாருக்கும் தெரியவில்லை.

"குடிசையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமே?" என்று கேட்டுப் பார்த்தார்.

"தள்ளினா ரோடு தெரியாதுங்க ஐயா," என்றான் குழுத்தலைவன் தினகரன். "போன வாரந்தான் ஒரு குட்டி வண்டியில அடிபட்டுச்சு. நீங்க காளானைப் பத்திப் பேசறீங்க."

அந்தக் குட்டியைப் புதைக்கக் குழி வெட்டியவர் குழந்தைசாமிதான்.

அம்மாவிடம் போய் உட்கார்ந்தார்.

"சலிச்சுப் போச்சுங்கம்மா. குரங்கு பெரிசா, காளான் பெரிசா?"

"குட்டி செத்தது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தாய் கத்துச்சு. இங்க வரைக்கும் கேட்டுச்சு."

"காளான் செத்தா?"

யோசித்தார். "ஒண்ணும் கேக்காதுங்க."



மறுநாள் ஆட்கள் ரம்பத்தோடு வந்தபோது, மரத்தின் பக்கத்தில் ஈரத்தரையில் அம்மா உட்கார்ந்திருந்தார். தினகரன் கெஞ்சிப் பார்த்தான். அம்மா கோபப்படவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. மத்தியானம்வரை நின்றுவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

மாலையில் குழந்தைசாமி அருகே வந்தார். அம்மாவின் முகம் வாடிக் கிடந்தது.

"இப்படி உட்கார்ந்தா மரம் தப்பிச்சுருமா?"

"தெரியல. போன வருஷம் ஓடைக்காக உட்கார்ந்தேன். மூடிட்டாங்க."

"அப்புறம் எதுக்கும்மா?"

அம்மா தரையில் கை ஊன்றி மெல்ல எழுந்தார். சேலையில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டினார்.

"பொழுது சாயப்போகுது. குரங்குக ரோட்டைத் தாண்டற நேரம். நீங்க இங்க உட்காருங்க. நான் அங்க போய் நிக்கறேன்."