மைனா பிடித்த பொந்து

ஆற்றங்கரை மருதமரத்தின் வேர்ப் பொந்தில் ஓர் அணில் குடும்பம் இருந்தது. அப்பா கொறியன், அம்மா துடுக்கி, கண்கூடத் திறக்காத மூன்று குட்டிகள். அன்று மலையில் மழை கொட்டியது. ஆறு மளமளவென்று ஏறியது!

"ஏங்க, தண்ணி வேரைத் தொட்டுடுச்சு! மேல காலிப் பொந்து இருக்கான்னு பாருங்க!" என்று துடுக்கி அலறினாள்.

கொறியன் பாய்ந்தான். வேகத்துக்கு அவனிடம் குறைச்சலே இல்லை. ஆனால் அவன் பரம்பரையில் ஒரு வழக்கம் இருந்தது. எதைத் தேடினாலும் அடிமரத்திலிருந்து ஒவ்வொரு கிளையாகப் பார்க்க வேண்டும். இடம் கிடைத்ததும் இறங்கி வந்து சொல்ல வேண்டும். அங்கே எதையாவது வைப்பதற்கு? மறுபடியும் அடிமரம், மறுபடியும் ஒவ்வொரு கிளை! கொட்டை சேர்க்கிற நாளில் இது போகட்டும். வெள்ளத்தில் ஆகுமா?

ஏழாம் கிளையில் அருமையான பொந்து! கொறியன் துள்ளிக்கொண்டு இறங்கினான்.

"கிடைச்சிடுச்சு, துடுக்கி!"

ஒரு குட்டியைக் கவ்வினான். முதல் கிளையை எட்டிப் பார்த்தான். இரண்டாம் கிளையை எட்டிப் பார்த்தான். ஒருவழியாக ஏழாவதுக்குப் போனால், பொந்துக்குள் ஒரு மைனா!

கொறியன் குட்டியைக் கிளையில் வைத்துவிட்டுக் கத்தினான். "நான்தானே முதல்ல பார்த்தேன்!"

"பார்த்தே, சரி. இருந்தியா?" என்றது மைனா.

கொறியன் குட்டியோடு கீழே ஓடிவந்தான். தண்ணீர் பொந்தின் வாசலுக்கே வந்துவிட்டது! குட்டியைத் துடுக்கியிடம் விட்டுவிட்டு, முதல் கிளையிலிருந்து மறுபடியும் தேடினான். ஒன்பதாம் கிளையில் இன்னொரு பொந்து! சந்தோஷத்தில் வாலைச் சுழற்றிவிட்டு இறங்கத் திரும்பினான்.

கீழிருந்து அதைப் பார்த்த துடுக்கிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இறங்கினீங்கன்னா தெரியும் சேதி! அங்கேயே உக்காருங்க! கத்திக்கிட்டே இருங்க, நான் வர்றேன்!"

"நம்ம வழக்கம்..."

"வழக்கமா, பிள்ளைங்களா?"

கொறியன் பொந்து வாசலில் உட்கார்ந்துவிட்டான். "கீச்! கீச்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். துடுக்கி எந்தக் கிளையையும் திரும்பிப் பார்க்கவில்லை. குரல் வந்த இடத்துக்கு நேராக ஏறினாள். ஒரு குட்டி! இரண்டு குட்டி! மூன்றாவதை எடுக்கும்போது தண்ணீர் அவள் கழுத்துவரை வந்துவிட்டது. குட்டியை விடவில்லை. நனைந்த உடம்போடு ஒரே மூச்சில் மேலே வந்தாள்.

கீழே வேர்ப் பொந்து முழுகிப்போயிருந்தது. கொறியன் அதை எட்டிப் பார்த்தான்.

"நான் இன்னொரு தடவை இறங்கியிருந்தா..."

"பேசாம குட்டிங்களைத் துவட்டுங்க!" என்றாள் துடுக்கி.

தேடிக் கண்ட இடத்தைக் கைவிட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தேடுகிறவன், கிடைத்ததையும் இழப்பான்.