ஐந்து இலையும் ஒரு ஜோடிக் கடுக்கனும்

ஒரு காலத்தில் மருதங்காவு நாட்டைக் கோமளராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனுஷர். பசி வந்தால் மட்டும் பக்கத்தில் நிற்கக்கூடாது!

அவருடைய நெற்களஞ்சியத்துச் சாவி மந்திரி ஆவுடையப்பர் இடுப்பில் இருக்கும். வியாபாரிகளுக்கு நெல் கடன் கொடுப்பதில் ஒரு சட்டம் உண்டு. ஒரே ஆளுக்கு இருப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அளக்கக்கூடாது. அவன் நொடித்துப்போனாலும் ஊர் அடுப்பு எரியவேண்டுமே!

அந்தச் சாவிமேல் தளவாய் நரசப்பருக்கு ஒரு கண். ஒருநாள் ஓலைகளோடு சபைக்கு வந்தார்.

“மகாராஜா! ஐந்து வியாபாரிகள், ஆளுக்கு ஒரு பங்கு கேட்கிறார்கள். கப்பலேற்றி விற்று, தை மாதம் ஒன்றுக்கு ஒன்றரையாகத் திருப்பி அளப்பார்களாம். ஈடாக ஆளுக்கு ஒரு ஜோடி வைரக் கடுக்கன். தினம் ஒருவராக வரவழைத்து, அடியேனே பார்த்து எழுதினேன்!”

ஆவுடையப்பர் ஓலைகளைப் படித்தார். மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

“சாவி தரமாட்டேன், பிரபு. களஞ்சியமே காலியாகிவிடும்.”

“ஓய், சட்டப்படிதானே கேட்கிறார்?” என்றார் ராஜா. “நாளைக்குள் காரணம் காட்டும். இல்லாவிட்டால் சாவி நரசப்பருக்கு!”

“ஆகட்டும். நாளை மத்தியானம் ஐவருக்கும் இங்கே விருந்து. ஈட்டுக் கடுக்கனைப் போட்டுக்கொண்டு வரட்டும். ஐந்து இலையிலும் ஆள் உட்கார்ந்த பிறகுதான் தங்களுக்குச் சோறு.”

“எனக்குமா!” என்று பதறினார் ராஜா.

மறுநாள் முதலில் வந்த வியாபாரி மாசிலாமணி. காதில் வைரம் டாலடித்தது. உட்கார்ந்தவர், “இதோ, கைகழுவிவிட்டு...” என்று எழுந்து போனார். உடனே இன்னொருவர் வந்தார். அவருக்கும் அதே சாக்கு. மூன்றாமவர் வந்தபோது அவசரத்தில் கடுக்கனைத் திருகியதில் காது மிளகாய்ப்பழமாய்ச் சிவந்திருந்தது. அவரும் கைகழுவப் போனார். சாம்பார் மணம் வேறு ராஜாவைக் கொன்றது.

“எத்தனை தடவைதான் ஐயா கை கழுவுவார்கள்?” என்று ராஜாவே எழுந்துபோய், அவர்கள் போன கதவைத் திறந்தார்.

கதவுக்குப் பின்னே நாலு பேர் மூளிக் காதோடு நின்றார்கள். மாசிலாமணி, அவர் தம்பிமார் இருவர், மச்சான். நடுவில், மூன்றாவதாக வந்த மருமகன், கழற்ற வராத கடுக்கனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒரே வீடு, ஒரே கப்பல், ஒரே கடுக்கன்!

“அடப்பாவிகளா! கப்பல் கவிழ்ந்திருந்தால் என் ஜனங்கள் பட்டினியல்லவா கிடந்திருப்பார்கள்!” ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “உமக்கு எப்படி ஐயா தெரிந்தது?”

“எல்லாம் தளவாய் உபயம், பிரபு. ஐந்து ஓலையிலும் ஒழுங்காக எழுதியிருக்கிறார், ‘இடக்காதுக் கல்லில் மயிரிழைக் கீறல்’ என்று.”

சபையே சிரித்தது. நரசப்பர் தலை தொங்கிவிட்டது.

“பொய் சொன்ன வீட்டுக்கு ஒரு மணி நெல் கிடையாது. கடன் கேட்டுக் காத்திருக்கும் வேறு ஐந்து பேரைக் கூப்பிட்டு உட்காரவையும். நரசப்பரே, அவர்களுக்கு நீர்தான் பரிமாறவேண்டும்!” என்றார் ராஜா.

பிறகு தம் காதுக் கடுக்கனைக் கழற்றி மந்திரி கையில் வைத்தார். “இது உமக்கு, ஆவுடையப்பரே.”

மந்திரி அதை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

“என்ன ஓய் பார்க்கிறீர்?”

“இடக்காதுக் கல்லை, பிரபு.”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். “பாரும், நன்றாகப் பாரும்! அதற்கு முன்னால் எனக்குச் சோற்றைப் போடச் சொல்லும்!”