மூன்றாவது அழுகை

உப்பளத்தை ஒட்டி ஒரு சின்ன மடம். முன்னால் கூடம், பின்னால் அடுக்களை, அதற்கு அடுத்து பிள்ளைகள் அறை. உப்பு வாரப் போகும் பெண்கள் விடியற்காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மதியம் வந்து கூட்டிப் போவார்கள். பதினொரு பிள்ளைகள். பார்த்துக்கொள்ள ஓர் ஆள், சிவசைலம்.

சிவசைலம் இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மனைவி போன பிறகு வேலையை விட்டுவிட்டு மடத்தில் வந்து சேர்ந்தார். படியில் ஆள் தொங்குகிற கூட்டத்திலும் யார் எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதை மறக்காதவர் என்று பெயர். பிள்ளைகளை அவரிடம் விட்டதில் யாருக்கும் குறை இல்லை.

மடத்தின் குரு ஒரு பெண். சிவசைலத்தைவிடப் பத்து வயது இளையவர். ஊருக்கே அவர் அம்மா. அம்மாவோ சிவசைலத்தை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

தினமும் பத்து மணிக்கு மடத்தில் மணி அடிக்கும். அடித்ததும் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் கூடத்துக்கு வந்துவிட வேண்டும். அம்மா அரைமணி நேரம் பேசுவார். அந்தப் பேச்சுக்காகத்தான் சிவசைலம் ஒவ்வொரு நாளும் எழுந்தார்.

அன்றைக்கு மணி அடித்தபோது பத்துப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பேச்சி மட்டும் விழித்திருந்தாள். மூன்று வயது. சிரட்டையில் மண்ணை அமுக்கி இட்லி சுட்டுக்கொண்டிருந்தாள்.

“இங்கனயே இரு தாயி. மாமா இந்தா வந்திருதேன்” என்றார் சிவசைலம்.

பேச்சி தலையாட்டினாள். மூன்று வயதுத் தலையாட்டலை நம்பி அவர் போனார். சமையல்காரரும் சோற்றை வடித்து, கொதிக்கிற கஞ்சியைத் தரையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அன்றைய பேச்சு விழிப்பைப் பற்றி. அம்மா சொல்லச் சொல்ல, முன்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த சிவசைலத்துக்குக் கண்ணீர் வழிந்தது. அப்போது எங்கோ ஒரு பிள்ளை அழுதது.

காதில் விழுகிற சத்தத்தின் பின்னால் மனசை ஓட விடாதீர்கள், அது வந்த மாதிரியே போய்விடும் என்று அம்மா எத்தனையோ நாள் சொல்லிக் கொடுத்திருந்தார். சிவசைலம் ஓட விடவில்லை. சத்தம் வந்தது, போனது. மறுபடியும் வந்தது. அதையும் விட்டார். ஒருவழியாகப் பழகிவிட்டோமே என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட. பாவி மனுஷன்.

மூன்றாவது அழுகை அழுகை மாதிரியே இல்லை. அதற்குத்தான் எல்லோரும் எழுந்து ஓடினார்கள். அடுக்களைத் தரையில் கஞ்சிப் பானை கவிழ்ந்து கிடந்தது.

ஆட்டோ வருவதற்குள் பேச்சியின் அம்மா சண்முகக்கனி உப்பளத்திலிருந்து ஓடி வந்துவிட்டாள். பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டியவள் பாதியிலேயே இழுத்துக்கொண்டாள். இரண்டு கையிலும் உப்பு.

“தண்ணி ஊத்துங்க. யாராவது என் கையில தண்ணி ஊத்துங்க.”

சிவசைலம்தான் ஊற்றினார். அவள் கழுவினாள், முகர்ந்து பார்த்தாள், மறுபடியும் கழுவினாள். கடைசிவரை பிள்ளையைத் தொட அவளுக்குப் பயம் போகவில்லை. ஆட்டோவில் பேச்சியை மடியில் வைத்துக்கொண்டு போனது சமையல்காரர்.

முப்பத்தேழு நாள் ஆஸ்பத்திரி. உயிருக்கு ஒன்றும் இல்லை. கழுத்திலும் வலது கையிலும் தோல் சுருங்கிவிட்டது. விரல்கள் மடங்கியபடி நின்றுவிட்டன.

மடத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பிள்ளையின் நேரம் என்றார் ஒருவர். அது ஓரிடத்தில் நிற்கிற பிள்ளையா என்றார் இன்னொருவர். எல்லாமே சிவசைலத்துக்கு ஆறுதலாகச் சொன்னவைதான். ஒவ்வொன்றும் அவரை அறுத்தது.

அவர் அம்மாவிடம் போய் நின்றார்.

“நாப்பது நாள் மௌனம் இருக்கேன்ம்மா. உத்தரவு கொடுங்க.”

“பிள்ளைக கூப்பிட்டா யாரு பதில் சொல்ல?”

“அப்போ பட்டினி கிடக்கேன்.”

“பட்டினி கிடந்து தலைசுத்தி விழுந்தா பிள்ளைய யாரு பாக்க?”

“நான் இனிமே பிள்ளைக பக்கமே போகல. வேற வேலை கொடுங்க.”

அம்மா எழுந்து பிள்ளைகள் அறைக்குப் போனார்.

மறுவாரம் சண்முகக்கனி பேச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். சிவசைலத்துக்கு நம்ப முடியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

“கும்பிடாதிய அண்ணாச்சி. நம்பி விடல. வேற போக்கு இல்லாம விடுதேன்” என்றாள் சண்முகக்கனி.

பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அம்மா உள்ளேயிருந்து எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார்.

“டாக்டர் சொல்லியிருக்காரு. தினமும் எண்ணெய் போட்டு ஒவ்வொரு விரலா நீட்டி விடணும். அழுவா. அழுகையைக் கேட்டுக்கிட்டே செய்யணும். செய்வியளா?”

சிவசைலம் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

முதல் நாள் சுண்டுவிரலைத் தொட்டதும் பேச்சி அலறினாள். அவர் கண்ணை மூடவில்லை. அழுகை ஓய்ந்த பிறகு, அவள் ஈரக் கண்ணோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தா வந்திருதேன்னு சொன்னிய” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. ஞாபகம் வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். சிவசைலம் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

விபத்து நடந்த நாளிலிருந்து மடத்தில் மணி அடிக்கவில்லை. அம்மா பேசவும் இல்லை. காலை முழுவதும் பிள்ளைகள் அறை வாசலில் உட்கார்ந்து, ஒருத்தனுக்கு மூக்கைச் சிந்திவிடுவார், ஒருத்திக்குப் பேன் பார்ப்பார். வெளியூரிலிருந்து பேச்சுக் கேட்க வந்தவர்கள் கூடத்தில் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நாளாக ஆக அவர்களும் வருவதில்லை.

தான் செய்த தப்புக்காகத்தான் அம்மா இப்படித் தன்னை வருத்திக்கொள்கிறார் என்று சிவசைலத்துக்குத் தோன்றியது. இரண்டு மாதம் தாங்கினார். பேச்சியின் ஆள்காட்டி விரல் பாதி நீண்ட அன்றைக்கு, அவரால் முடியவில்லை. கூடத்தில் ஒரு பிள்ளையோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போனார்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“பிள்ளைய விட்டுட்டுப் போனது நான். அழுகை காதுல விழுந்தும் உக்காந்திருந்தது நான். செஞ்ச தப்பு என்னுது. நீங்க எதுக்குப் பேச்சை நிறுத்தணும்? அத்தனை சனம் ஏமாந்து போவுது.”

அம்மா மடியிலிருந்த பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். கை நின்றது.

“அன்னைக்கு நீங்க எங்க உக்காந்திருந்திய?”

“முன்வரிசையில.”

“நான்?”

“உங்க இடத்துல. சன்னல் பக்கத்துல.”

“அந்தச் சன்னல் எந்தப் பக்கம் இருக்கு?”

சிவசைலம் திரும்பிப் பார்த்தார். சன்னல் திறந்திருந்தது. அதன் வழியே அடுக்களையின் வாசலும், கஞ்சி வைத்திருந்த தரையும் தெரிந்தன.

“உங்களுக்கு முந்தி எனக்குக் கேட்டுச்சு, அண்ணாச்சி” என்றார் அம்மா. “முத அழுகையும் கேட்டுச்சு, ரெண்டாவதும் கேட்டுச்சு. பேச்சு அன்னைக்கு நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு. முடிச்சிட்டு எந்திரிப்போம்னு இருந்துட்டேன்.”