உப்புச் சேற்றில் நட்டவர்

ஆறு கடலில் சேரும் இடத்தில் உமையாள் அம்மையின் குடில் இருந்தது. அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் வைரக்கண்ணு வயதில் மூத்தவர். குருவைவிடவே மூத்தவர். அதனால் உமையாள் அவரை ஐயா என்று கூப்பிட்டார். அவர் குருவை அம்மா என்றார்.

வைரக்கண்ணு பக்கத்துக் குப்பத்துக்காரர். ஒரு ஐப்பசிப் புயலில் கடல் எழுந்து ஊருக்குள் வந்தது. குப்பம் போயிற்று. அவர் மனைவி தையல்நாயகியும் போனார். உடல் கிடைக்கவில்லை.

குடிலுக்கு வந்ததிலிருந்து அவர் யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. ஒருநாள் காலை வலை உலர்த்தும் இடத்தில் நின்று கேட்டார்.

"அம்மா, உயிர் பெரிசா, சடம் பெரிசா?"

"யாரு இதைச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல. காத்துக்கு உயிரில்ல. தண்ணிக்கு உயிரில்ல. ஒண்ணுமே தெரியாத அதுங்க, எல்லாம் தெரிஞ்ச ஒருத்தியைக் கொண்டுபோயிடுச்சு. அது எப்படி?"

 மறுநாள் உமையாள் ஒரு கூடை நிறைய, கழிமுகச் சேற்றில் வளரும் சுரபுன்னை மரத்தின் விதைகளைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, இளம் முருங்கைக்காய் மாதிரி நீண்டிருந்தன.

"எங்க நடணும்?"

"உங்க வீடு இருந்த இடத்துல."

வீடு இருந்த இடம் இப்போது வெறும் சேறு. வைரக்கண்ணு நட்டார். சாயங்காலம் கடல் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடியது. அவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வற்றியதும் ஓடிப்போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நின்றுகொண்டுதான் இருந்தன. ஆனாலும் அவருக்கு மனம் ஆறவில்லை.

அடுத்த நாளே களிமண் வெட்டிக் கரை போட ஆரம்பித்தார். இடுப்பு வலியோடு போட்டார். கடல் உள்ளே வராதபடி நாலு பக்கமும் அடைத்துவிட்டு, குடில் கிணற்றிலிருந்து குடம் குடமாக நல்ல தண்ணீர் சுமந்து ஊற்றினார். உமையாள் அந்த வழியாகப் போனார், வந்தார். 

கோடை வந்தது. கரைக்குள் தேங்கிய ஈரம் வற்றி, சேறு வெடித்தது. மேலே சுண்ணாம்பு பூசியதுபோல் உப்பு பூத்தது. ஊற்றின தண்ணீர் போன இடம் தெரியவில்லை. கன்றுகள் மஞ்சளாகி, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

"நான் என்னம்மா குறை வச்சேன்?" என்றார் வைரக்கண்ணு.

உமையாள் மண்வெட்டியோடு வந்தார். கரையில் தாழ்ந்த இடம் பார்த்து ஒரு வெட்டு வெட்டினார். வைரக்கண்ணு பாய்ந்து பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. அது உள்ள வரக் கூடாது."

"எது?"

"கடல்."

"அப்ப இதுங்க எதைக் குடிக்கும்?"

"நான் கிணத்துத் தண்ணி ஊத்தறேன்."

"ஊத்தித்தானே இப்படி நிக்குது."

 உமையாள் மண்வெட்டியை அவர் கையிலேயே விட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல தண்ணி ஏறும். வெட்டறதா, மூடறதான்னு நீங்களே பாத்துக்குங்க."

குரு போய்விட்டார். வைரக்கண்ணு நின்றார். தூரத்தில் அலைச் சத்தம் மாறியது அவருக்குத் தெரிந்தது. பிறகு வெட்டினார். யாரையோ அடிப்பதுபோல் வெட்டினார்.

கடல் உள்ளே வந்தது. கணுக்காலைத் தொட்டது, முழங்காலுக்கு ஏறியது. அவர் நகரவில்லை. வெள்ளைப் பொருக்கு கரைந்து மறைந்தது. தண்ணீர் இறங்கும்போது கரையில் வெட்டிய இடத்தில் விரல் நனைத்து நாக்கில் வைத்தார். வந்த தண்ணீரைவிடப் போகிற தண்ணீர் அதிகம் கரித்தது.

பிழைத்தவை கொஞ்சம்தான். மீதி இடத்தில் மறுபடி நட்டார். இந்த முறை கரை போடவில்லை, வாய்க்கால் வெட்டினார். குப்பத்தில் மிஞ்சியவர்களும் வந்து கூட வெட்டினார்கள்.

வருடங்கள் போயின. சுரபுன்னை தன் வேர்களைக் கால்களாக ஊன்றியது. அந்தக் கால்களுக்கு நடுவே ஓட்டம் தணிந்து வண்டல் படிந்தது. திட்டு உயர்ந்தது. நண்டு வளை தோண்டியது. வளை வழியாகத் தண்ணீர் அடிமண் வரை இறங்கியது. யாரும் நடாத அலையாத்திச் செடிகள் தாமாகவே முளைத்தன. மரங்களுக்குப் பின்னால் மேட்டில் நாலைந்து குடிசைகள் வந்தன.

அப்புறம் ஒரு கார்த்திகையில் புயல் அடித்தது. அது ஓய்ந்ததும் வைரக்கண்ணு குடிலுக்கு ஓடி வந்தார். உடம்பெல்லாம் சேறு.

"அம்மா, உயிர்தாம்மா பெரிசு! மரம் கடலை நிறுத்திடுச்சு!"

"முழுசாவா?"

"முன்வரிசை மரமெல்லாம் முறிஞ்சிடுச்சு. குடிசைக்குள்ள கணுக்கால் தண்ணி வந்துச்சு. ஆனா ஒரு ஆள் போகலை."

"நல்லது" என்றார் உமையாள். எழுந்து ஓர் ஓலைப் பாயை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்தார்.

முறிந்த மரத்தடியில் குனிந்து இரண்டு கையாலும் ஒரு கட்டிச் சேற்றை அள்ளி, ஓலைப் பாய் மேல் வைத்தார்.

"இதுல உயிர் எது, சடம் எது? ரெண்டு குவியலாப் பிரிங்க ஐயா."

வைரக்கண்ணு உட்கார்ந்தார். ஒரு சிறு நண்டு கிடைத்தது. பாய் விளிம்பில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து அதை மூடி வைத்தார். வேரை அந்தப் பக்கமே வைத்தார். மணலை இந்தப் பக்கம் தள்ளினார். நத்தை ஓடு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்து, நடுவில் போட்டார். அழுகின இலை நடுவில் போயிற்று. நண்டு தின்று துப்பின மண் உருண்டைகள் நடுவில் போயின. ஒரு அலையாத்தி இலையின் அடியில் உப்புப் பொடி ஒட்டியிருந்தது. அதைத் தட்டி மணலோடு சேர்த்தார். இலைக்குள் இன்னும் எவ்வளவு இருக்குமோ என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கறுப்புச் சேற்றை விரலால் தேய்த்தார். மயிரிழை வேர், செதில், தூள் இலை, இன்னும் பேர் தெரியாத என்னென்னவோ.

நடுக்குவியல்தான் பெரிதாகிக்கொண்டே போனது. அவர் கை நின்றது.

"அம்மா."

"சொல்லுங்க ஐயா."

"தையல்நாயகியும் இதுலதான் எங்கியோ இருக்கா."

அவர் கறுப்புச் சேற்றை உள்ளங்கையில் எடுத்தார்.

"அவளை எந்தப் பக்கம் வைக்க?"

உமையாள் வாய்க்காலைப் பார்த்தார். நுரை உள்ளே வரத் தொடங்கியிருந்தது.

"தண்ணி ஏறுது. எல்லாத்தையும் எடுத்த இடத்துலயே வச்சிட்டு வாங்க. நண்டை முதல்ல விடுங்க."