சுவருக்கு உள்ளே இருந்தவள்

கல்லால மரத்தில் நடந்த அநியாயங்கள் நான்கு. வரிசை மாறாமல் சொன்னால்தான் நான்காவது எப்படி வந்தது என்பது விளங்கும்.

முதலாவது: சோலைக்காட்டின் நடுவே, யார் நட்டார்கள் என்று எவருக்கும் தெரியாத அந்த மரத்தின் உச்சிக் கிளையில் பிடரியப்பன் என்ற சிங்கவால் குரங்கு ஏறி உட்கார்ந்தான். “இனிமே இந்த மரத்துப் பழத்தைப் பங்கு போடுறவன் நான்தான்!” என்றான். காடே நிமிர்ந்து பார்த்தது. “நீ யாரு?” என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இரண்டாவது: பச்சைப்புறாக்கள் கூட்டமாக வருகின்றன என்று சொல்லி, அவற்றைக் கீழ்க்கிளைக்குத் தள்ளினான். அங்கே காய்தான் இருந்தது. மேலே இருந்தவர்கள் பழம் தின்றுகொண்டே பார்த்தார்கள்.

மூன்றாவது: “பகல்ல வந்து முகம் காட்டாதவங்களுக்குப் பழம் இல்ல!” என்று சட்டம் போட்டான். இரவில் மட்டுமே இரை தேடும் மரநாய்க் கிழவன் பட்டினி கிடந்து, வேறு காட்டுக்குப் போனான். அவனை வழியனுப்ப யாரும் போகவில்லை.

நான்காவது அநியாயம் நியாயத்தின் வேடத்தில் வந்தது. “உழைக்கிறவங்க பேருக்குத்தான் பங்கு! ஒரு பேருக்கு ஒரு நாளைக்குத் தொண்டை கொள்ற அளவு, ஒரு தொண்டைப் பழம்!” எல்லோரும் சிறகு தட்டி வரவேற்றார்கள்.

கோடைத் தொடக்கத்தில் பெயர் வாசிக்கும் நாள் வந்தது. சுருளி என்ற மலையணில் உரித்தெடுத்த மரப்பட்டையில் பெயரைப் பல்லால் கீறுவான். உரக்க வாசிப்பான். கூடியிருப்பவர்கள் “கேட்டோம்!” என்று சாட்சி சொல்வார்கள். சாட்சி சொல்லப்படாத பெயருக்குப் பழம் கிடையாது.

காத்தமுத்து என்ற இருவாட்சிப் பறவையின் முறை வந்தது. பெரிய மஞ்சள் அலகு, அதன்மேல் கவிழ்த்த கிண்ணம்போல் ஒரு கொண்டை, சிவந்த கண். அவன் பறந்தால் புயல் கிளம்பியதுபோல் இரைச்சல் கேட்கும்.

“உன் வீட்டுல உழைக்கிறவங்க யார் யாரு?” என்று கேட்டான் பிடரியப்பன்.

“நான் ஒருத்தன்தான்!” காத்தமுத்து நெஞ்சை நிமிர்த்தினான்.

“உன் பெண்டாட்டி மருதாயி?”

“அவ சும்மாதான் இருக்கா. வீட்டை விட்டு வெளிய வர்றதே இல்ல. ஒத்த ஆளா நின்னு நான்தான் காப்பாத்துறேன்!”

“அடடா! ஆம்பளைன்னா இவன் ஆம்பளை!” என்றான் பிடரியப்பன்.

சுருளி ஒரே ஒரு பெயரைக் கீறி வாசித்தான். “காத்தமுத்து!”

“கேட்டோம்!” என்றது காடு. அந்தச் சத்தம் காத்தமுத்துவின் காதில் தேனாய்ப் பாய்ந்தது.

மருதாயி உண்மையிலேயே வெளியே வரவில்லை. இருவாட்சிகளின் வழக்கம் அப்படி. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை ஒரு மரப்பொந்துக்குள் போய், மண்ணையும் எச்சத்தையும் குழைத்து உள்ளிருந்தபடியே வாசலைப் பூசி அடைத்துக்கொள்வாள். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் விடுவாள். ஆண் பறவை பழம் கொண்டுவந்து அந்தச் சந்தில் ஊட்டுவான். நூறு நாளுக்குமேல் ஒருவன் கொண்டுவருவதில்தான் அந்த வீடு பிழைக்க வேண்டும்.

அந்த வருடம் கோடைமழை ஏமாற்றிவிட்டது. நாவல் பூக்கவே இல்லை. கல்லால மரம் ஒன்றுதான் பழுத்தது. பிடரியப்பனின் கூட்டம் கிளைக்குக் கிளை காவல் நின்றது. ஒரு பெயர், ஒரு தொண்டைப் பழம். அதற்கு மேல் ஒரு பழத்தைத் தொட்டாலும் வாலைப் பிடித்து இழுத்தார்கள்.

பொந்துக்குள் குஞ்சு பொரித்தது. பத்தாம் நாள் அது கத்திய கத்தலில் சுவரே அதிர்ந்தது.

காத்தமுத்து தொண்டைப் பையிலிருந்து பழங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் சந்தில் நீட்டினான்.

“நீ சாப்பிட்டியா?” என்று உள்ளிருந்து மருதாயி கேட்டாள்.

“ஆச்சு, ஆச்சு. மரத்துலயே தின்னுட்டேன். நீ?”

“எனக்கென்ன, வயிறு நிறைஞ்சு கெடக்கு.”

இரண்டும் பொய். அவன் அலகு நடுங்குவதை அவள் சந்து வழியாகப் பார்த்தாள். அவளுக்கு நீட்டிய பழமும் குஞ்சின் வாய்க்குப் போவதை அவன் சத்தத்திலேயே அறிந்தான்.

மறுநாள் காத்தமுத்து பிடரியப்பனிடம் போனான். “தலைவரே, இன்னொரு பங்கு வேணும். இல்லேன்னா குஞ்சு பிழைக்காது.”

“யாருக்குப் பங்கு? சும்மா இருக்கிறவளுக்கா?” பிடரியப்பன் பல்லைக் காட்டிச் சிரித்தான். “நான் சொல்லலப்பா. நீயே சொன்ன வார்த்தை. காடே கேட்டுது! வேணும்னா சுவரை உடைச்சுட்டு வந்து, ஒருநாள் இந்தக் கிளையில உக்காந்து காவல் பார்க்கச் சொல்லு. பேரை எழுதிக்கலாம்.”

காத்தமுத்து பொந்துக்குத் திரும்பினான். தயங்கித் தயங்கிச் சொன்னான். “ஒரே ஒரு நாள்தான் புள்ள. சுவரை உடைச்சுட்டு வந்து முகம் காட்டிட்டுப் போயிடு.”



“குஞ்சைத் தூக்க பாம்புக்கு ஒருநாள் எதுக்கு? கண் மூடித் திறக்கிற நேரம் போதும்,” என்றாள் மருதாயி. “அது கிடக்கட்டும். நான் சும்மா இருக்கேன்னு அந்தக் குரங்குக்கு யாருய்யா சொன்னது?”

அவன் கிளையைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான்.

“நான்தான்.”

“நினைச்சேன். உள்ள என்ன நடக்குதுன்னு இத்தனை நாள்ல ஒருதரம் கேட்டிருப்பியா? சரி, என்னால வர முடியாது. ஏன்னு எல்லார் முன்னாலயும் காட்டுறேன். காட்டைக் கூட்டிக்கிட்டு வா!”

காத்தமுத்து முதலில் கீழ்க்கிளைக்குப் போனான். பச்சைப்புறாக்கள் அவனை ஏறஇறங்கப் பார்த்தன.

“எங்களைக் கீழ தள்ளினப்ப மேல உக்காந்து தின்னது யாரு?” என்று ஒரு கிழப்புறா கேட்டது. “இப்ப மட்டும் எங்க ஞாபகம் வந்துச்சோ?”

“நான்தான் தின்னேன். தப்புதான்,” என்று பெரிய அலகைக் கிளையில் பதித்து நின்றான் காத்தமுத்து.

கிழப்புறா மற்றவற்றைத் திரும்பிப் பார்த்தது. “தப்புன்னு சொல்றதுக்கு இந்த மரத்துல இன்னிக்குத்தான் ஒருத்தன் வந்திருக்கான். வாங்க போகலாம்!”

புறாக்கள் கிளம்பின. அதைப் பார்த்து மைனாக்கள் கிளம்பின. மரங்கொத்திகளும் குக்குறுவான்களும் கிளம்பின. மரம் காலியானது. பங்கு கேட்க ஆளில்லாத மரத்தில் தலைவனாக இருக்க முடியுமா? பிடரியப்பனும் கூட்டத்தோடு பின்னாலேயே வந்தான். வயிற்றோடு ஒட்டிய குட்டியைச் சுமந்துகொண்டு அவன் மனைவி சடைச்சியும் வந்தாள்.

மருதாயியின் பொந்து இருந்த குங்கிலிய மரத்தைச் சுற்றிக் கிளைகொள்ளாத கூட்டம்.

“எங்கப்பா அந்த உழைப்பாளி?” என்று கத்தினான் பிடரியப்பன். “தூக்கம் கலையலையோ?”

சந்தில் ஒரு வெள்ளைக் கண் தெரிந்தது. மறைந்தது. பிறகு ஓர் இறகு வெளியே நீண்டது. ஆள் கை நீளம். கரிய இறகு, நுனியில் வெள்ளை. அது காற்றில் சுழன்று சுழன்று இறங்கியது.

இன்னொன்று வந்தது. இன்னொன்று. பிறகு வால் இறகுகள். வெள்ளை, நடுவே கறுப்புப் பட்டை. மருதாயி பேசாமல் தள்ளிக்கொண்டே இருந்தாள். இறகுகள் இறங்கிக்கொண்டே இருந்தன. 

“இதெல்லாம் நான் பறந்த சிறகு,” என்றது உள்ளிருந்து குரல். “வாசலை அடைச்சதும் உதிர்த்துட்டேன். குஞ்சுக்கு மெத்தை இதுதான். இப்ப என்னால ஒரு கிளை தாண்ட முடியாது. புதுசு முளைக்கிற வரைக்கும் இந்த இருட்டுதான் என் காடு. நாளுக்கு நாலுதரம் இந்த மண்சுவர்ல விரிசல் பார்த்துப் பூசுறேன். ராத்திரி பாம்பு வந்து உரசும். அலகை நீட்டிக்கிட்டு விடியிற வரைக்கும் நிப்பேன். இதுக்குப் பேரு சும்மா இருக்கிறதுன்னா, அப்படியே எழுதிக்கங்க!”

காத்தமுத்து ஓர் இறகை எடுத்தான். எத்தனையோ நாள் அவனோடு மலை தாண்டிய இறகு. அவன் தலை குனிந்தான்.

சடைச்சி புருஷன் பக்கம் திரும்பினாள். “ஏன்யா, உன் பிள்ளையை வயித்துல கட்டிக்கிட்டு நாள் முழுக்க மரமா மரமா தாவுறேனே, அதுவும் சும்மாவா? என் பேரு எந்தப் பட்டையில இருக்கு?”

பிடரியப்பன் காதைச் சொறிந்தான்.

“கீழ பாருங்க!” என்று ஒரு புறா கத்தியது.

பார்த்தார்கள். குங்கிலிய மரத்தடியில் கன்றுகள். நாவல், அகில், காட்டுச் சாதிக்காய், பாறை இடுக்கில் ஒரு கல்லாலங்கன்று. வருடா வருடம் தின்ற பழத்தின் விதையை மருதாயி சந்து வழியாக வெளியே தள்ளியிருந்தாள். இருட்டில் இருந்தவள் தன் காலடியில் ஒரு காட்டையே முளைக்க வைத்திருந்தாள்.

“குரங்கய்யா,” என்றாள் மருதாயி, “நீ உக்காந்திருக்கிற மரத்தோட வயித்துல ஒரு பழைய பொந்து இருக்கணுமே? அதோட வாய்ல காய்ஞ்ச மண்ணு ஒட்டியிருக்கணுமே?”

சுருளி துள்ளி எழுந்தான். “ஆமா! மழைக்கு அதுலதான் ஒதுங்குவேன்! மண்ணு இருக்கு! அலகு போட்ட கோடுகூட இருக்கு!”

பெயர் எழுதப்படாத ஏதோ ஒரு தாய், என்றோ ஒரு கோடையில், அந்தப் பொந்தின் சந்து வழியாகத் தள்ளிய விதைதான் கல்லாலமாக முளைத்தது. பொந்து இருந்த பழைய மரம், அந்தப் பொந்தின் ஓடு தவிர, மக்கிப்போயிற்று. அதைத் தழுவி வளர்ந்த கல்லால மரம் காட்டுக்கே சோறு போடுகிறது. கிழப்புறா தலை தாழ்த்தியது. கூட்டம் முழுவதும் தலை தாழ்த்தியது.

“சரி, சரி,” என்று இழுத்தான் பிடரியப்பன். “பாவம், ஒரு தொண்டைப் பழம் கூடக் குடுத்துடலாம்...”

“பாவமும் வேணாம், உன் தயவும் வேணாம்!” காத்தமுத்துவின் குரல் மலையில் மோதித் திரும்பியது. “தப்பா சொன்னவன் நான். திருத்திச் சொல்றவனும் நான். என் வீட்டுல உழைக்கிறவங்க ரெண்டு பேர். சுருளி, எழுது! என் பேருக்கு மேல எழுது!”

சுருளி கையோடு கொண்டுவந்திருந்த பட்டையைக் கீறினான். யாரும் பிடரியப்பனைப் பார்க்கவில்லை.

ஒருவர் சம்பாதித்து இருவர் வாழும் வீட்டில் உழைப்பவரும் இருவரே. வெளியே போகிறவர் பெயரை மட்டும் சொல்கிறவர்கள் பாதி உண்மையைத் தின்றுவிடுகிறார்கள்.

சுருளி பட்டையை உயர்த்திப் பிடித்தான். காடு மூச்சடக்கிக் காத்திருந்தது. பொந்துக்குள் குஞ்சுகூட வாயை மூடிக்கொண்டது. அவன் உரக்க வாசித்தான்.

“மருதாயி!”