மருதமரத்தில் தங்கிய மழைத்துளி

மழைத்துளிக்கும் வாய் இருந்த காலம் அது. பொட்டு என்றொரு துளிக்கு அந்த வாய் சும்மாவே இருக்காது. எதைக் கண்டாலும் நாக்கில் வைத்து ருசி பார்க்காமல் நகராது. மண்ணுக்குள் இறங்கியபோதும் வழியில் அகப்பட்ட மணலையெல்லாம் நக்கிக் கரைத்துக்கொண்டே போனது. கூட வந்த துளிகள் தலையில் அடித்துக்கொண்டன. எல்லாரும் கடலுக்குக் கிளம்பியவர்கள். கடல் உப்பாமே என்று கேள்விப்பட்டதிலிருந்து பொட்டுவுக்கும் அதே நினைப்புதான்.

ஆழத்தில் ஒரு மருதமரம் கிடந்தது. எப்போதோ வந்த வெள்ளம் அதைச் சாய்த்து, மேலே மண்ணையும் மூடிவிட்டுப் போயிருந்தது.

"அண்ணே, அதென்ன கறுமுறுன்னு சத்தம்?" என்றது பொட்டு.

"கரையான், தங்கச்சி. என்னைத் தின்னுக்கிட்டிருக்கான். நடுவுல வைரம் பாய்ஞ்ச கட்டை மட்டுந்தான் மிச்சம். அதுவும் போயிட்டா, இப்படி ஒருத்தன் இருந்தான்னு காட்ட ஒரு சிராய்கூட இருக்காது."

பொட்டுவுக்கு மனசு கேட்கவில்லை. "அவன் தின்ன குழியில நான் உக்காந்துக்கட்டுமா?"

"நீயா? நீ தண்ணி. ஓடிருவே."

"வயிறு நிறைய மணல் இருக்கு அண்ணே. கனக்குது. எங்கே ஓடறது?"

"அந்த மணல் இறுகிட்டா அப்புறம் வெளியே வர முடியாது. யோசிச்சுக்கோ."

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து குரல் வந்தது: "ஏ பொட்டு, வா! கடல் வாடை அடிக்குது!"

பொட்டு தவித்துப் போனது. கறுமுறுச் சத்தம் நடுக்கட்டையை நெருங்கிவிட்டது. "நீங்க போய் ருசி பாருங்க" என்று கத்திவிட்டுக் குழிக்குள் புகுந்தது.

வயிற்று மணல் இறுகிப் பொட்டு கல்லாயிற்று. கரையான் அடுத்த கடி கடித்தான். "ஐயோ, பல்லு போச்சே!" என்று அலறியவன் திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

"இதென்ன, உள்ளே இவ்வளவு வெளிச்சம்?" என்றது மரம்.

"இறங்கும்போது வானவில்லையும் ஒரு வாய் நக்கினேன் அண்ணே" என்று பொட்டு நெளிந்தது.

பின்னால் வந்த துளிகளும் சும்மா இருக்கவில்லை. பொட்டு உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு மணலை நக்கின. ஒவ்வொன்றாய் வந்து மிச்சக் குழிகளில் உட்கார்ந்தன. எத்தனையோ காலம் ஆயிற்று. மரம் முழுக்கக் கல்லாயிற்று. ஆனால் அதன் வளையத்தில் ஒரு கோடு அழியவில்லை.

அன்று தொட்டுத்தான் மண்ணுக்குள் புதைந்த பழைய மரம் சில இடங்களில் ஓப்பல் என்னும் மணிக்கல்லாகிறது. அதைக் கையில் வைத்துத் திருப்பினால் நிறங்கள் ஓரிடத்தில் நிற்காமல் ஓடுகின்றனவே, அது பொட்டு இன்னமும் கடலுக்குக் கிளம்பிப் பார்ப்பதுதான்.